மொரீஷியஸ் படித்துறை

இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, வரைபடத்தில் ஒரு பொட்டளவே தெரிகிற தீவு மொரீஷியஸ். நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45. விளம்பரப் படங்களில் நீலக் கடலும் வெண்மணலும் புதுமணத் தம்பதிகளுமே தென்படுவதால், அறுபதைக் கடந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும், மகன் வற்புறுத்தி அழைத்தபோது முதலில் அப்படித்தான் தயங்கினார்கள். பிறகு தீவின் பெயரைக் கேட்டதும் அம்மையார் தாமாகவே, "போகலாம்" என்றார்.

காரணம் பழையது. அவருடைய பிறந்த வீட்டில் மகாளய அமாவாசையன்று காவிரிப் படித்துறையில் தர்ப்பணம் நடக்கும். முன்னோர்களின் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்த பிறகு, தமக்கென்று எவரும் இல்லாமல் போனவர்களுக்காகக் கடைசியாக ஒரு கை நீர் விடும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கடைசிக் கையை விடும்போது அவருடைய தந்தையார் தாழ்ந்த குரலில், "மோரீசு போனவருக்கும்" என்பாராம். தந்தையாரின் பாட்டனாருக்குத் தமையன் ஒருவர் இருந்தார். பஞ்ச காலத்தில் சென்னைக்குப் போய்க் கப்பலேறியவர். ஒரு கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. குடும்பத்தில் அவரைப் பற்றி எஞ்சியது ஊரில் பாதிப் பேருக்கு இருந்த ஒரு முருகன் பெயரும், அந்தக் கை நீரும்தான். தந்தைக்குப் பின் தம்பி அதைச் செய்து வந்தார். தம்பியும் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தம்பி மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நீர் விடுவார் இல்லை.

இது எதுவும் மகனுக்குத் தெரியாது. அவன் தீவின் தென்மேற்கு மூலையில் கடற்கரை விடுதியொன்றில் ஐந்து நாள்களுக்கு அறை பதிவு செய்திருந்தான். ஆகஸ்டு மாதம் அங்கே குளிர்காலம். மெல்லிய கம்பளிச் சால்வை போதுமான குளிர். வழியெல்லாம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது.

விடுதியின் பின்புறம், கடலை ஒட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது லெ மோர்ன் என்னும் மலை. உயரம் 556 மீட்டர். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அந்த மலையின் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. விடுதலைச் செய்தியைச் சொல்லச் சிப்பாய்கள் மலையேறியபோது, தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்றெண்ணி அந்த மக்கள் பாறையிலிருந்து குதித்து உயிர் விட்டதாக அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மலையடிவாரத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இம்மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீச்சல் குளத்தருகே சாய்வு நாற்காலியில் படுத்திருப்போர் முகம் கடலை நோக்கி இருக்கிறது. மலை அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. தலைமை ஆசிரியர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

மறுநாள் காலை மூவரும் தலைநகரான போர்ட் லூயிஸுக்குப் புறப்பட்டார்கள். தீவு சிறியது, எங்கிருந்தும் எங்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதியவர்களுக்கு இது பெரிய வசதி.

துறைமுகத்தை ஒட்டி, நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே, கருங்கல் சுவர்களுக்குள் அமைந்திருக்கிறது ஆப்ரவாசி காட். ஆப்ரவாசி என்றால் குடிபெயர்ந்து வந்தவர். காட் என்றால் படித்துறை. முன்பு இதைக் கூலி காட் என்றே அழைத்தார்கள். அடிமைகள் விடுதலையாகப் போகிறார்கள் என்றானதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 1834 நவம்பர் 2 அன்று கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 பேரோடு வந்து சேர்ந்தது. அதன்பின் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆண்களுக்கு மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் முறைக்கு 'இரட்டை வெட்டு' என்று பெயர். ஐந்து ரூபாயில் இரண்டிரண்டு நாளாக வெட்டிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வந்து இறங்குவோரை வரிசைப்படுத்திப் பதிவு செய்வதற்காக 1849-இல் இந்தக் குடியேற்றக் கொட்டடியைக் கட்டினார்கள். அந்தத் தொழிலாளர் பெயர்ச்சியின் காலம் முழுவதையும் கணக்கிட்டால் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் இங்கிருந்து ரீயூனியன், தென்னாப்பிரிக்கா, கரீபியத் தீவுகள் என்று மேலும் அனுப்பப்பட்டார்கள். பழைய கட்டடத்தில் இன்று ஒரு சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. வாயிற்காவலர் அறை, மருத்துவமனையின் ஒரு பகுதி, சமையலறை அடித்தளம், கடலிலிருந்து ஏறிவரும் கருங்கல் படிகள், இவ்வளவுதான். 2006-இல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. உள்ளே விளக்கக் கூடம் ஒன்று உண்டு. வந்தவர்கள் எப்படிப் பயணம் செய்தார்கள், எங்கே படுத்தார்கள், என்ன உண்டார்கள் என்பதை அங்கே விரிவாகக் காட்டுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

பெரிய மாளிகை எதையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். மகன் அப்படித்தான் சுற்றி முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மையார் படிகளின் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். கும்பகோணத்திலோ திருவையாற்றிலோ உள்ள எந்தப் படித்துறையோடும் ஒப்பிட்டால் மிகச் சிறியது இது. அங்கெல்லாம் ஆற்றில் இறங்குவதற்குப் படி. இங்கே கடலிலிருந்து கரையேறுவதற்குப் படி. ஏறியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் இறங்கவில்லை. அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அதைப் பார்த்த கணவரும் கழற்றினார். காவலர் ஒருவர் அருகில் நின்றார்; ஒன்றும் சொல்லவில்லை. இவ்வாறு செய்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படித்துறைக்கு அருகிலேயே, 18-ஆம் நூற்றாண்டு இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில், அடிமை வாணிக வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் அண்மையில் திறக்கப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் ஆப்ரவாசி காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது சரியன்று. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள் திருத்திய நிலத்தில்தான் நம் மக்கள் கரும்பு நட்டார்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். கூலிகளுக்கு நூறாண்டு முன்பே, லா பூர்தொனே என்னும் பிரெஞ்சு ஆளுநர் காலத்தில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களும் கைவினைஞர்களும் வந்து இந்நகரைக் கட்ட உதவினார்கள். ஆகவே தமிழர் இத்தீவுக்கு ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர்.

நகரில் வேறு அருங்காட்சியகங்களும் உண்டு. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு இருக்கிறது. இத்தீவில் மட்டுமே வாழ்ந்து, ஐரோப்பியர் வந்த நூறாண்டுக்குள் அழிந்துபோன பறவை அது. துறைமுகத்தருகே உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-ஆம் ஆண்டின் அபூர்வ அஞ்சல் தலைகள் இரண்டு. உள்ளூர் வங்கியொன்றின் தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து 1993-இல் அவற்றை விலைக்கு வாங்கித் தாயகத்துக்குக் கொண்டுவந்தன. வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும் என்பதால் குறித்த நேரத்தில் சில நிமிடங்கள் மட்டுமே அசல் தலைகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். மற்ற நேரங்களில் நகலைத்தான் காணலாம். தீபாராதனைக்குத் திரை விலகக் காத்திருப்பதுபோல் ஒரு கூட்டம் காத்திருக்கிறது!

ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய காகிதம் வேறொன்று உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. மொரீஷியஸ் பணத்துக்குப் பெயர் ரூபாய். கூலிகளோடு சேர்ந்து வந்த இந்திய ரூபாய் கடைவீதியில் பரவிப்போனதால் அரசும் 1870-களில் அதையே தன் நாணயத்தின் பெயராக்கிக்கொண்டது. நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழிலும், அதன்பின் இந்தியிலும் தொகை அச்சாகியிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ் வழக்கறிஞர். அத்தீவின் அரசியல் தலைவர்களில் ஒருவர். 1998-இல் புதிய நோட்டுகளை வெளியிட்டபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டுவிட்டார்கள். தமிழர்கள் வெகுண்டெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டார்கள். புழக்கத்தில் விட்ட நோட்டைத் திரும்பப் பெறுவது எத்தனை பெரிய காரியம் என்பது பணப்பெட்டியைக் காத்தவர்களுக்குத் தெரியும். மக்கள் தொகையில் சிறுபான்மையினரான ஒரு கூட்டம், பலர் வீட்டில் தமிழ் பேசுவதையே விட்டுவிட்ட பிறகும், ஒரு வரியின் இடத்துக்காக அப்படி நின்றது.

மூன்றாம் நாள் மோகா. மலைப்பாங்கான அவ்வூரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. காந்தியடிகள் 1901-இல், தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், மொரீஷியஸில் சில வாரங்கள் தங்கிச் சென்றவர். அந்த நிறுவனத்தில்தான் இந்தியக் குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாக்கிறார்கள். வந்தவர் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, வயது, உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, வந்த கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் எல்லாம் பேரேடுகளில் இருக்கின்றன. 1860-களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணே அதன்பின் அந்த மனிதரின் அடையாளம். சம்பளமும் தண்டனையும் திருமணமும் மரணமும் அந்த எண்ணின் பேரிலேயே எழுதப்பட்டன.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். எண் தெரியுமா? தெரியாது. கப்பல்? தெரியாது. ஆண்டு? பஞ்ச காலம் என்றுதான் தெரியும். தீவில் வாழ்கிற வழித்தோன்றல்கள் தம் பாட்டனார், பூட்டனாரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார்கள் என்றும், அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் எண் கிடைத்துவிடும் என்றும் அவர் விளக்கினார். இந்தியாவிலிருந்து ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முன்னோக்கி வருவது கடினம். அதிலும் அந்தப் பெயர்! ஆங்கிலேய, பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ஒரே பெயர் ஏழெட்டு வடிவில் இருக்கும். சின்னத்தம்பி அங்கே சினதம்பு ஆகியிருக்கிறார். வேண்டுமானால் ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், தேடிப் பார்க்கிறோம் என்றார். தலைமை ஆசிரியர் தம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாகவே இருந்தது.

அங்கேயே சிறு அருங்காட்சியகம் ஒன்றில் வந்தவர்களின் பாத்திரங்கள், நகைகள், இசைக்கருவிகள் ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். அம்மையார் அவற்றைவிடப் புகைப்படங்களின் முன்புதான் நெடுநேரம் நின்றார். நேராகக் கண்ணாடி வில்லையைப் பார்க்கும் முகங்கள். சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. முதன்முதலாகப் படம் எடுக்கப்படுகிறவர்களின் விறைப்பு மட்டும் இருந்தது.

"ஏங்க, இவரு எங்க அப்பா ஜாடையா இல்லை? காதைப் பாருங்க."

"ஆமாம்" என்றார் கணவர்.

சிறிது தூரம் தள்ளி, "இவரும்தான்" என்றார் அம்மையார்.

"எல்லாருமே உங்க அப்பா ஜாடைதான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. மகன் அப்போதுதான், "யாரைம்மா தேடறீங்க?" என்று கேட்டான். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் காவிரிப் படித்துறைக் கதையை அவன் முதன்முதலாகக் கேட்டான். அன்று பிற்பகல் படகுச் சவாரிக்குக் கட்டியிருந்த பணம் வீணாயிற்று.

மாலையில் போர்ட் லூயிஸ் ஓரத்தில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனார்கள். தீவு முழுவதும் அதைக் 'கைலாசொன்' என்றே அறியும். கைலாசம்தான் அங்கே வாழும் கிரியோல் மொழியின் மூக்கொலியில் அப்படித் திரிந்தது. ரசமும் அங்கே 'ரசொன்' ஆகியிருக்கிறது, முருங்கைக் கீரைக்கு 'மூரூம்' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் எழும்பிய கோயில். வண்ணக் கோபுரம், கொடிமரம், விபூதி வாசனை எல்லாம் நம்மூர்தான். கற்பூர ஆரத்தியின்போது பதின்வயதுப் பெண்ணொருத்தி கணீரென்று தேவாரம் பாடினாள். உச்சரிப்பில் சிறு பிசகும் இல்லை. பாடி முடித்ததும் அம்மையார் அவளிடம் ஊர் எது என்று தமிழில் கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. கையில் இருந்த தாளைக் காட்டினாள். தேவாரம் முழுவதும் ரோமன் எழுத்தில் இருந்தது.

இதைக் கண்டு வருந்துவோர் உண்டு. தலைமை ஆசிரியரும் சற்று வருந்தினார். ஆனால் பேச்சு போன வீட்டில் பதிகம் போகாமல் நிற்கிறதே என்பதும் ஒரு கணக்கு. தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு பொது விடுமுறை. விரதம் முடித்த பின் வாழையிலையில் பரிமாறும் சைவ விருந்துக்கு 'ஏழு கறி' என்று பெயர். தமிழர் அல்லாதாரும் விரும்பி வந்து உண்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகக் காவடியையும் ஏழு கறியையும் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் எண்ணால் அழைக்கப்பட்டவர்கள்.

நான்காம் நாள் பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்கா. வட்டத் தாம்பாளம் போன்ற இலைகளையுடைய பேரல்லிக் குளத்தைப் படமெடுக்கத்தான் எல்லோரும் அங்கே செல்கிறார்கள். நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் 1985-இல் மறைந்தபோது அவருக்கு எரியூட்டிய இடமும் அதே பூங்காவில்தான். அவருடைய தந்தை 1896-இல் பீகாரிலிருந்து கூலியாக வந்து படித்துறை ஏறியவர். பிறகு மலைமேல் உள்ள கங்கா தலாவ் ஏரி. 1972-இல் கங்கை நீரைக் கொணர்ந்து கலந்த நீர்நிலை அது. கரையில் 108 அடி உயரச் சிவபெருமான். மகா சிவராத்திரிக்குத் தீவின் மூலைமுடுக்கெல்லாமிருந்து மக்கள் நடந்தே வருகிறார்கள். அன்று மூடுபனி, கூட்டம் இல்லை. அம்மையார் ஏரியில் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். இங்கேயே ஒரு கை நீர் விட்டுவிடலாமா என்று கணவரைப் பார்த்தார். எள் இல்லை, தர்ப்பை இல்லை, திதியும் இல்லை என்று அவர் யோசித்தார். "ஊருக்குப் போய்ச் செய்வோம்" என்றார்.

மோகாவிலிருந்து இதுவரை பதில் வரவில்லை.

புரட்டாசி அமாவாசையன்று தலைமை ஆசிரியர் காவிரிக்கரைக்குப் போனபோது மகனும் லீவு போட்டுவிட்டு வந்து உடன் நின்றான். தம் முன்னோர்களுக்கு நீர் விட்டு முடித்த பிறகு, காருண்ய பித்ருக்கள் வரிசையில் மனைவி வழியில் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று சாஸ்திரிகளிடம் கூறினார். "தாராளமாகச் சேர்க்கலாம். பெயர் சொல்லுங்கோ" என்றார் அவர். மேற்படியில் அமர்ந்திருந்த அம்மையார் அந்த முருகன் பெயரைச் சொன்னார். தலைமை ஆசிரியர் எள்ளை எடுத்துக்கொண்டார். மகன் செம்பிலிருந்து நீர் வார்த்தான்.